தேங்காயெண்ணெயும் கமக்காரரின் தோற் பாதுகாப்பும்

மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் அதனை உடனே இறுக்குகின்றோம். கலப்பையின் கொழு தேய்ந்தால் கொல்லனிடம் கொண்டு செல்கின்றோம். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வேளை தவறாமல் எண்ணெய் இடுகின்றோம். ஆனால் இக்கருவிகளை இயக்கும் கையையும், சேற்றில் உழலும் காலையும் மூடியிருக்கும் தோலைப் பற்றிக் கமக்காரர் சிந்திப்பது அரிது. குதிக்கால் வெடித்து இரத்தம் கசிந்து, காலை நிலத்தில் ஊன்ற முடியாத நிலை வந்த பின்னரே அதனைக் கவனிக்கின்றனர். அந்நிலை பெரும்பாலும் நடுகையோ களைபிடுங்கலோ அருவிவெட்டோ நடைபெறும் நாட்களில், ஒருவரது வேலை மிகவும் வேண்டப்படும் பொழுதே வருகின்றது.

இதற்கான எளிய பாதுகாப்புப் பொருள் அநேகமாக ஒவ்வொரு வீட்டின் அடுக்களையிலும் உண்டு. தேங்காயெண்ணெயைத் தோலுக்கும் தலைக்கும் பூசும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு உள்ளது. அவ்வழக்கத்தில் நன்மை பயக்கும் பகுதியும் உண்டு. பயனற்ற பகுதியும் உண்டு. ஆபத்து விளைவிக்கத்தக்க சில தவறான நம்பிக்கைகளும் உண்டு. இவற்றைப் பிரித்தறிந்து, எண்ணெயை எங்கு, எப்பொழுது, எவ்வாறு பூச வேண்டும் என்பதையும், எங்கு பூசலாகாது என்பதையும் விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

தோல் வறண்டு வெடிப்பதேன்?

தோலின் மேற்படை மெல்லிய பல அடுக்குகளால் ஆனது. சுவரில் கற்களுக்கிடையே சாந்து இருப்பதுபோல, இவ்வடுக்குகளிலுள்ள கலங்களுக்கிடையே கொழுப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. உடலினுள்ளேயுள்ள நீர் ஆவியாகி வெளியேறாமலும், வெளியேயுள்ள அழுக்கும் கிருமிகளும் உட்புகாமலும் தடுப்பது இச்சுவரே. சாந்து கரைந்துபோன சுவரில் வெடிப்பு விழுவதுபோல, கொழுப்பை இழந்த தோலும் வறண்டு, கரடுமுரடாகி, ஈற்றில் வெடிக்கின்றது.

உடலின் ஏனைய பகுதிகளில் தோலிலுள்ள சிறு சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைச் சுரந்து மேற்படைக்கு உதவுகின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அச்சுரப்பிகள் இல்லை. கமத்தொழிலில் மிகுந்த பாடு படுவனவும் இவ்விரண்டு இடங்களே. ஆகையினால் கமக்காரரின் தோல் முதலில் வெடிப்பது குதிக்காலிலும் விரல் நுனிகளிலுமாகும்.

வயலில் வெடிப்பை உண்டாக்கும் காரணங்கள் பல.

முதலாவது, நெடுநேரம் நீரில் நிற்றல். சேற்றில் பல மணி நேரம் நின்றவரின் பாதம் வெளுத்துச் சுருங்கியிருப்பதை யாவரும் கண்டிருப்பர். நீர் தோலினுட் சென்று அதனை ஊதச் செய்கின்றது. தோலின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இயற்கைப் பொருள்கள் நீரிற் கரைந்து போகின்றன. கரையேறியபின் அந்நீர் விரைவில் ஆவியாகிவிடும். முன்னிருந்ததிலும் தோல் வறண்டு இறுகும். அவ்விறுகிய தோலின் மேல் உடலின் பாரம் அழுத்தும்பொழுது குதிக்கால் ஓரங்களிற் பிளவு உண்டாகின்றது.

இரண்டாவது, காலில் ஒட்டிய களிமண்ணைக் கழுவாது வெயிலிற் காயவிடுதல். காயும் மண் தோலின் ஈரத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, சேற்றைப் போக்குவதற்காகத் துணி தோய்க்கும் சவர்க்காரத்தை நாள்தோறும் உபயோகித்தல். அதன் காரத்தன்மை அழுக்குடன் தோலின் கொழுப்பையும் அகற்றிவிடும். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கற் பிரதேசங்களில் கிணற்று நீர் வன்னீராக இருப்பதால், சவர்க்காரம் நுரையாது திரைந்து, தோலிலும் தலைமயிரிலும் படிந்து வறட்சியை மேலும் மிகுவிக்கின்றது.

நான்காவது, செயற்கைப் பசளையை வெறுங்கையால் எறிதல். உப்புத்தன்மையுள்ள இப்பசளைகள் ஈரத்தை உறிஞ்சுவனவாகையால், கை வறண்டு எரிவடைகின்றது.

நுவரெலியா, வெலிமடை போன்ற மலைநாட்டு மரக்கறிப் பிரதேசங்களில் குளிர்ந்த வறண்ட காற்றும் இக்காரணங்களுடன் சேர்ந்துகொள்கின்றது.

தேங்காயெண்ணெயின் இயல்பு

எண்ணெயில் நீர் இல்லை. எனவே எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. தோலில் ஏற்கெனவே உள்ள ஈரம் வெளியேறாது மூடி வைக்கின்றது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் எண்ணெய் பூச வேண்டிய நேரம் எளிதில் விளங்கும். காய்ந்து வறண்ட தோலிற் பூசிய எண்ணெய் வறட்சியையே மூடி வைக்கும். கழுவியபின் சிறிது ஈரம் எஞ்சியிருக்கும் தோலிற் பூசிய எண்ணெய் அவ்வீரத்தைக் காத்து நிற்கும்.

தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களுள் ஏறக்குறைய அரைப்பங்கு இலோரிக்கமிலம் ஆகும். இதன் மூலக்கூறு சிறியது, கிளைகளற்று நேரானது. இவ்வியல்பே தலைமயிரினுள் இவ்வெண்ணெய் ஊடுருவுதற்குக் காரணமென்பது பின்னர் விளக்கப்படும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகும். ஆகையினால் தாழ்நிலத்தில் அது திரவமாகவும், மலைநாட்டுக் குளிரில் வெண்ணிறக் கட்டியாகவும் காணப்படும். கட்டியாவது கேட்டின் அறிகுறியன்று. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உடல் வெப்பத்திலேயே உருகிவிடும்.

இவ்வெண்ணெயின் பயன் வழக்கத்தினால் மட்டும் அறியப்பட்டதன்று. பிலிப்பைன் தீவுகளில் தோல் வறட்சியுற்ற 34 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், சிலர் தேங்காயெண்ணெயையும் சிலர் கனிய எண்ணெயையும் இரு வாரங்களுக்குக் காலில் நாளொன்றுக்கு இரு முறை பூசினர். இரு சாராரின் தோலும் ஒத்த அளவில் ஈரப்பற்றுப் பெற்றது. அதே நாட்டில் கரப்பன் நோயுற்ற 117 பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்களின் பின் கனிய எண்ணெயிலும் தூய தேங்காயெண்ணெயே கூடிய பயனளித்ததாகக் காணப்பட்டது. ஆகவே விலையுயர்ந்த பூச்சுக்களை வாங்க இயலாத கமக்காரர் குறையொன்றும் எண்ண வேண்டியதில்லை. வீட்டிலுள்ள நல்ல தேங்காயெண்ணெயே வறண்ட தோலுக்குப் போதுமானதாகும்.

காலுக்கும் கைக்கும் பூசும் முறை

வேலை முடிந்து கரையேறியதும் சேறு காயுமுன் கால்களை நல்ல நீரினாற் கழுவுதல் வேண்டும். வாய்க்காலில் தேங்கி நிற்கும் நீர் இதற்கு உகந்ததன்று. கிணற்று நீரையோ குழாய் நீரையோ உபயோகிக்குக. சவர்க்காரம் தேவையாயின் குளிக்கும் சவர்க்காரத்தைச் சிறிதளவு பயன்படுத்தலாம். பயற்றம்மாவும் ஏற்றது.

இரவில் உறங்குவதற்கு முன் கால்களை மீண்டும் கழுவி, துவாயினால் ஒற்றி எடுக்க. அழுத்தித் துடைத்தல் வேண்டாம். தோலில் மெல்லிய ஈரம் இருக்கும்பொழுதே, சில நிமிடங்களுக்குள், எண்ணெயைப் பூசுக. இரு பாதங்களுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். குதிக்காலின் ஓரத்திலும் பெருவிரலின் அடிப்பாகத்திலும் கூடுதலாகத் தேய்த்தல் வேண்டும். பின்னர் பழைய பருத்திக் காலுறையையோ சுத்தமான துணியையோ அணிந்துகொண்டால் எண்ணெய் பாயிற் படாது. காலிலும் நெடுநேரம் தங்கும். எண்ணெய் பூசிய காலுடன் சீமெந்துத் தரையில் நடத்தலாகாது. முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும்.

விரலிடுக்குகளில் மாத்திரம் எண்ணெய் பூசலாகாது. அவ்விடங்களை நன்கு உலர்த்துதலே முறை. வெளுத்து ஊறி அரிக்கும் சேற்றுப்புண்ணில் பெரும்பாலும் பங்கசு குடிகொண்டிருக்கும். எண்ணெய் அங்கு ஈரத்தைத் தங்கச்செய்து நோயை வளர்க்கும். அதற்கு வைத்தியசாலையில் தரப்படும் பூச்சு மருந்தே வேண்டியது.

குதிக்காலின் தோல் தடித்துக் கட்டியாகியிருந்தால், வாரத்துக்கு ஓரிரு முறை, இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, மழமழப்பான கல்லினால் மெதுவாகத் தேய்த்து, அதன்பின் எண்ணெய் பூசுக. சவர அலகினாலோ கத்தியினாலோ தடித்த தோலை அரிதல் பெருந்தவறு. இரத்தம் கசியும் வெடிப்பு ஆறும் வரை கல்லினால் தேய்த்தலும் ஆகாது.

கைகளுக்கும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். விரல் நுனிகளிலும் நகக்கண்களிலும் சில துளி எண்ணெய் விட்டுத் தேய்த்தல் நன்று. பகலில் வேலைக்குச் செல்லுமுன் எண்ணெய் பூசினால் மண்வெட்டியும் அரிவாளும் கையில் வழுக்கும். சேற்றில் இறங்குமுன் காலிற் பூசிய எண்ணெயும் சிறிது நேரத்தில் உராய்ந்து போய்விடும். ஆகையினால் இரவுப் பூச்சே பயன் தருவது. இதனை நாள்தோறும் செய்து வருதல் வேண்டும். வெடித்தபின் ஒரு நாள் மட்டும் பூசுவதால் பயனில்லை. பெரும்போக நடுகைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே தொடங்கினால், வேலை மிகும் காலத்தில் தோல் தாங்கும் தன்மை பெற்றிருக்கும்.

மரக்கறித் தோட்ட வேலையில் எண்ணெயின் பயன்

மிளகாய் ஆய்வோரும் காய்ந்த மிளகாயைத் தரம் பிரிப்போரும் கை எரிவினால் வருந்துவர். நீரில் எத்தனை முறை கழுவினும் எரிவு தணியாது. மிளகாயின் காரப்பொருளான கப்சேசின் நீரிற் கரைவதில்லை, எண்ணெயிலேயே கரையும். எனவே உலர்ந்த கையில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு ஓரிரு நிமிடம் தேய்த்து, பழந்துணியினால் நன்கு துடைத்து, அதன்பின் சவர்க்காரமிட்டுக் கழுவினால் எரிவு பெரிதும் குறையும். இதனைச் செய்து முடிக்கும் வரை கண்ணைத் தொடாதிருத்தல் வேண்டும். குழந்தைகளைத் தூக்குதலும் ஆகாது.

பலாக்காய் வெட்டும்பொழுது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வதன் காரணமும் இத்தகையதே. பலாப்பால் எண்ணெய்ப் பசையில் ஒட்டாது எளிதில் நீங்கும். சேம்பு, கரணை முதலிய கிழங்குகளை வெட்டும்போது உண்டாகும் அரிப்புக்கு அவற்றிலுள்ள ஊசிபோன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் காரணமாகும். கையில் எண்ணெய் தடவி வெட்டுவோருக்கு அரிப்புக் குறைவாயிருத்தல் வழக்கிற் கண்டதே.

வெண்டி போன்ற பயிர்களின் சுணைக்கு எண்ணெய் பரிகாரமன்று. சுணை குத்திய தோலில் எண்ணெயைத் தேய்த்தால் சுணை மேலும் அழுந்தும். நீளக் கைச்சட்டை அணிந்து காய் ஆய்தலும், வேலை முடிந்ததும் ஓடும் நீரிற் கழுவுதலுமே முறையாகும்.

பீடைநாசினியும் எண்ணெயும்

கமக்காரர் எல்லோரும் இப்பகுதியை இரு முறை வாசித்தல் வேண்டும்.

மருந்து தெளிக்குமுன் உடலெங்கும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் நஞ்சு உடலினுட் செல்லாது என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. இஃது உண்மைக்கு மாறானது, ஆபத்தானது. பூச்சிநாசினிகளுட் பல எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பான்களிற் கரைக்கப்பட்டே விற்கப்படுகின்றன. அவை எண்ணெயில் நன்கு கரையும். அத்தகைய நஞ்சு, எண்ணெய் பூசிய தோலில் படுமாயின், அவ்வெண்ணெயிற் கரைந்து நெடுநேரம் தோலிலேயே தங்கி, உட்புகுதற்கு வாய்ப்புப் பெறுகின்றது. தெளித்த பின்னர் தோல் எரிகின்றதென்று கழுவாமல் எண்ணெய் தேய்த்தலும் இதே தீங்கை விளைவிக்கும்.

மிளகாய்க்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னவர் இங்கு வேண்டாமென்பதேன் என்று கேட்கலாம். மிளகாயின் காரம் எரிவைத் தருவதோடு நின்றுவிடும். பீடைநாசினியோ தோலின் வழியே இரத்தத்திற் கலந்து நரம்புகளையும் மூச்சையும் தாக்கி உயிருக்கே ஊறு செய்யவல்லது. அதனைத் தோலிலிருந்து கழுவி அகற்றுவதே குறிக்கோளாதல் வேண்டும்.

ஆகவே மருந்து தெளிக்கும் நாளில் தெளிக்குமுன் எண்ணெய் பூசற்க. நீளச்சட்டை, நீளக் காற்சட்டை, கையுறை, முகமூடி, இறப்பர்ச் சப்பாத்து ஆகியவற்றை அணிந்து, காற்று வீசும் திசையறிந்து தெளிக்குக. முதுகிற் சுமக்கும் தெளிகருவி ஒழுகுகின்றதா என முன்னதாகவே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஒழுகும் கருவியிலிருந்து முதுகு வழியே இடுப்புக்கு இறங்கும் மருந்து மிகக் கேடு செய்யும். ஏனெனில் தொடையிடுக்குப் பகுதியின் தோல் ஏனைய இடங்களிலும் மிக விரைவாக நஞ்சை உட்கொள்ளும். கையிலுள்ள வெடிப்புக்களின் வழியாகவும் நஞ்சு எளிதிற் புகும். வெடித்த கையுடன் மருந்து கலக்குபவர் கையுறையின்றி அதனைச் செய்யவேகூடாது.

வேலை முடிந்ததும் உடைகளைக் களைந்து, சவர்க்காரமும் நிறைந்த நீரும் கொண்டு தலை முதற் கால் வரை குளிக்க. அவ்வுடைகளை வீட்டாரின் உடைகளுடன் சேர்க்காது தனியாகத் தோய்த்தல் வேண்டும். நன்றாகக் குளித்த பின்னரே, வறட்சி காணப்பட்டால், எண்ணெய் பூசலாம். தலைச்சுற்று, வாந்தி, மிகுந்த வியர்வை, கண்மங்கல், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. மருந்துப் போத்தலின் மேலொட்டியை உடன் கொண்டு சென்றால் வைத்தியருக்கு அது பேருதவியாகும்.

எலிக்காய்ச்சலும் வெடித்த காலும்

எலி முதலிய பிராணிகளின் சிறுநீரினால் வயல் நீரிற் கலக்கும் ஒரு வகைப் பற்றீரியாவே எலிக்காய்ச்சலை உண்டாக்குகின்றது. அது தோலிலுள்ள காயம், கீறல், வெடிப்பு ஆகியவற்றின் வழியாகவும், நீரில் நெடுநேரம் ஊறிய தோலின் வழியாகவும், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாகவும் உடலினுட் புகும். 2008 இல் இந்நோய் இலங்கையிற் பெருமளவிற் பரவி, 7000 இற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகச் சந்தேகிக்கப்பட்டது, பலர் மாண்டனர். வயலில் இறங்குவோர் இந்நோய்க்கு மிகவும் இலக்காகின்றனர்.

வெடிப்பில்லாத தோலைப் பேணுதல் கிருமி புகும் வாயில்களைக் குறைக்கும். கமக்காரர் தோலைப் பேண வேண்டியதற்கு இதுவே மிகப் பெரிய காரணம் எனலாம். எனினும் எண்ணெய் இந்நோய்க்குத் தடுப்பு மருந்தன்று. எண்ணெய் பூசிய காலுடன் சேற்றில் இறங்கியவர் காப்புப் பெற்றுவிட்டதாக எண்ணலாகாது. காலில் காயமுள்ளவர் அது ஆறும் வரை சேற்றில் இறங்காதிருத்தல் நன்று. இறங்கியே தீரவேண்டுமாயின், நீர் புகாதவாறு காயத்தை மூடி, சப்பாத்து அணிந்து இறங்குக. வயல் வேலை தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால், வாரத்துக்கொரு முறை உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். அதனை அவரது அறிவுரைப்படியே உட்கொள்ளுதல் வேண்டும். காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றின், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது சொல்லுக.

தலைமயிருக்கு எண்ணெய்

வெயிலும் புழுதியும் வியர்வையும் வன்னீரும் தலைமயிரைக் கரடாக்கி, சிக்குண்டு முறியச் செய்கின்றன. மயிர் கெரற்றின் எனும் புரதத்தாலானது. நீரில் நனையும்பொழுது ஊதியும், காயும்பொழுது சுருங்கியும், பன்முறை இவ்வாறு நிகழ்ந்தபின் மயிர் நலிவுற்றுப் புரதத்தை இழக்கின்றது. இந்திய ஆய்வாளர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. அம்மூன்றனுள் தேங்காயெண்ணெய் மாத்திரமே புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. அதன் சிறிய நேரான மூலக்கூறு மயிரினுள்ளே செல்வதும், ஏனையவை அவ்வாறு செல்லாமையுமே காரணமெனக் கருதப்படுகின்றது.

ஆகையினால் தலை முழுகுவதற்கு முன்னர், முதல்நாள் இரவிலோ ஒரு மணி நேரத்துக்கு முன்போ, எண்ணெய் பூசுதல் நன்று. ஓரிரு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையிற் பரப்பி, மயிரின் நடுப்பாகத்திலிருந்து நுனி வரை தடவுக. பின்னர் சீயக்காயோ அரப்போ இட்டு முழுகலாம். மயிர் காய்ந்தபின் நுனியில் சில துளி தடவினால் சிக்கு விழாது. வயலுக்குச் செல்லுமுன் மிகுதியாக எண்ணெய் பூசினால் புழுதி ஒட்டும். தலையை ஒரு துணியினால் மூடிக்கொள்வதே மேலானது.

எண்ணெய் தேய்ப்பதால் வழுக்கையில் மயிர் முளைக்காது. முறிதலைக் குறைத்து, உள்ள மயிரைக் காப்பதே அதன் பயன். கடுங்காய்ச்சலின் பின்னும், பிள்ளைப்பேற்றின் பின்னும், இரும்புச்சத்துக் குறைவினாலும் மயிர் உதிர்வதுண்டு. அதற்குரிய காரணத்தை வைத்தியர் மூலம் அறிதல் வேண்டும். பொடுகு உள்ள தலைக்கு எண்ணெய் பூசுவதால் சிலருக்குப் பொடுகு மிகும். ஏனெனில் அதற்குக் காரணமான நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையில் வாழ்வது. பேனை எண்ணெய் கொல்லாது. ஆயினும் எண்ணெய் பூசிய மயிரில் ஈர்கோலி எளிதிற் செல்லுமாகையால் வாரியெடுத்தல் இலகுவாகும்.

நல்ல எண்ணெயைத் தெரிதலும் காய்ச்சுதலும்

சரிவர உலராத கொப்பராவில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கொப்பராவிலிருந்து ஆட்டிய எண்ணெய் நிறம் மங்கி, காறல் மணம் வீசும். அதில் அபிளாற்றொட்சின் எனும் நஞ்சும் இருக்கக்கூடும். 2021 மார்ச்சில் இந்நாட்டுக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. ஆகவே உண்பதற்காயினும் பூசுவதற்காயினும் தெளிவும் நறுமணமும் உள்ள எண்ணெயையே வாங்குதல் வேண்டும். சொந்தத் தென்னையுடையோர் கொப்பராவின் ஈரம் நூற்றுக்கு ஆறு பங்களவிற்குக் குறையும் வரை உலர்த்தி, பூஞ்சணம் பிடித்த துண்டுகளை நீக்கிய பின்னரே செக்குக்கு அனுப்புக.

தோலுக்கு வேண்டிய சிறிதளவு எண்ணெயை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். நன்கு முற்றிய தேங்காய்களைத் துருவி, இளஞ்சூடான நீர் சேர்த்து இரு முறை பிழிந்து பாலெடுக்க. பாலை மூடி ஓர் இரவு வைத்தால் ஆடை மேலே திரளும். கீழே நிற்கும் நீரை நீக்கிவிடுக. ஆடையை அடிகனத்த சட்டியிலிட்டு மெல்லிய நெருப்பிற் கிளறுக. நீர் வற்றும் ஓசை அடங்கி, மண்டி பொன்னிறமாகும்பொழுது இறக்கி, மெல்லிய துணியில் வடிக்க. மண்டி கருகினால் எண்ணெயும் கருகல் மணம் பெறும். காயின் பருமனுக்கேற்ப எட்டு முதல் பன்னிரண்டு காய்கள் வரை ஒரு போத்தல் எண்ணெய்க்குத் தேவைப்படலாம்.

ஈரமே எண்ணெயின் பகை. நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் பல மாதங்களுக்குக் கெடாது. நாள்தோறும் பூசுவதற்குச் சிறு போத்தலொன்றைத் தனியாக வைத்துக்கொள்க. பொரித்து எஞ்சிய எண்ணெயைத் தோலிற் பூசுதல் தகாது.

எண்ணெய் பூசத்தகாத இடங்கள்

நெருப்புக்காயத்துக்கு எண்ணெய் தடவுதல் பரவலான தவறாகும். எண்ணெய் வெப்பத்தை உள்ளே அடைத்து வைக்கும். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுவதே உடனடிப் பரிகாரம். திறந்த காயத்திலும் சீழ்ப்பிடித்த புண்ணிலும் எண்ணெய் பூசற்க. துருப்பிடித்த இரும்போ முள்ளோ குத்திய காலைக் கழுவி, ஏற்புவலி தடுப்பூசிக்காக வைத்தியசாலைக்குச் செல்க.

தேமல் உள்ள இடத்தில் எண்ணெய் பூசினால் அது பரவக்கூடும். முகப்பரு உள்ள முகத்திற்கும் எண்ணெய் ஆகாது. வெயிலின் கொடுமையை எண்ணெய் தடுக்காது. அகன்ற தொப்பியும் நீளக் கைச்சட்டையுமே அதற்கு வேண்டியன. எண்ணெய் ஒவ்வாதோரும் சிலர் உளர். புதிதாகப் பூசுவோர் முழங்கை மடிப்பிற் சிறிது தடவி, இரு நாட்களுக்குத் தடிப்போ அரிப்போ தோன்றுகின்றதா எனப் பார்த்துக்கொள்ளலாம்.

நீரிழிவு நோயுள்ள கமக்காரருக்குக் காலின் உணர்ச்சி குன்றியிருக்கும். வெடிப்பின் நோவை அவர் அறியார். அவர் நாள்தோறும் மாலையில் தம் பாதத்தைக் கண்ணாற் பார்த்தல் வேண்டும். அடிப்பாதத்தைப் பார்க்க வீட்டார் உதவுக. சிறு வெடிப்பாயினும் புண்ணாயினும் ஆறாதிருப்பின், வீட்டு வைத்தியத்திற் காலங்கழியாது கிளினிக்கிற் காட்டுதல் அவசியம். காலத்தாழ்வினாற் கால்களை இழந்தோர் பலர். வெளிறிய நிறமுடைய, தொட்டால் உணர்ச்சியற்ற படை தோலில் எங்காயினும் காணப்பட்டால் அது தொழுநோயாக இருக்கலாம். தொடக்கத்தில் மருந்துண்டால் இது முற்றாகக் குணமாகும் நோயாகும்.

சுருக்கம்

1. சேறு காயுமுன் நல்ல நீரினாற் கை கால்களைக் கழுவுக.
2. இரவில், தோலில் சிறிது ஈரம் இருக்கும்பொழுதே எண்ணெய் பூசுக.
3. விரலிடுக்குகளை உலர்த்துக, அங்கு எண்ணெய் பூசற்க.
4. மிளகாய் எரிவுக்கு முதலில் எண்ணெய், பின்னர் சவர்க்காரம்.
5. பீடைநாசினி பட்ட தோலுக்கு முதலிற் சவர்க்காரமும் நீரும். குளித்து முடியும் வரை எண்ணெய் வேண்டாம்.
6. எண்ணெய் எலிக்காய்ச்சலைத் தடுக்காது. தடுப்பு மாத்திரை பெறுக.
7. நெருப்புக்காயம், திறந்த புண், தேமல் ஆகியவற்றுக்கு எண்ணெய் ஆகாது.
8. தலை முழுகுவதற்கு முன்னரே மயிருக்கு எண்ணெய் பூசுக.

நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயும் ஐந்து நிமிட நேரமும் இதற்குச் செலவாகும். அச்செலவு, நடுகை நாளில் வெடித்த காலுடன் வீட்டிலிருக்க நேர்ந்தால் உண்டாகும் நட்டத்துக்கு ஒருபோதும் ஈடாகாது. பீடைநாசினியைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், தோல் நோய், எலிக்காய்ச்சல் ஆகியன பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திலோ கேட்டறிந்து பயன் பெறுவீர்களாக.